அந்தப் பொண்ணே வரட்டும்

"எனக்கு குளுகோஸ் ஏத்த அந்தப் பொண்ணுதான் வரணும். வேற யாரும் என் கையத் தொடக் கூடாது!"

கட்டிலில் சட்டமாக உட்கார்ந்து சொன்னாள் சிலுவையம்மாள். காசிமேட்டில் மீன் விற்கிற குரல். ராயபுரத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

தலைமை நர்ஸ் அஜீசுன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் நரம்பு கிடைக்காமல் இளம் நர்ஸ் ஜானட் இரண்டு முறை குத்திவிட்டாள் என்று, நேற்று எல்லோர் முன்னாலும் அவளைக் கன்னத்தில் அறைந்தவன் இந்த அம்மாளின் மகன் ஜெரிதான்.

"திமிரைப் பார்த்தியா? புள்ள அடிப்பானாம், அம்மா அதிகாரம் பண்ணுவாளாம். நைசா பேசி போலீஸ் கம்ப்ளைன்ட்டை நிறுத்தப் பார்க்கிறா. நீ போகாதே ஜானட்."

ஜானட் நர்ஸ் அறை மூலையில் ஒடுங்கியிருந்தாள். எழுதி வைத்த புகாரில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"புகாரும் வேணாம்கா, வேலையும் வேணாம். கையைப் பாருங்க, நடுக்கம் நிக்கவே இல்லை. இனிமே ஊசியைத் தொட மாட்டேன்."

"இன்னாமா, நீ வரியா, நான் எய்ந்து வரட்டா?" வார்டிலிருந்து மறுபடியும் குரல்.

ஜானட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே அஜீசுன்னிசா காவலுக்கு ஓடினாள்.

சிலுவையம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

முதல் குத்து தவறியது. ஊசி இறங்கிய இடம் வீங்கியது. ஜானட்டின் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்குதாம்மா?"

"மீன் முள்ளு குத்தாத குத்தா? இன்னொரு தபா குத்து கண்ணு."

இந்த முறை நரம்பு கிடைத்தது. குளுகோஸ் சொட்டத் தொடங்கியது. ஜானட் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

அவள் விரல்களைப் பிடித்து உற்றுப் பார்த்தாள் சிலுவையம்மாள். "இப்ப நடுங்கல பாரு."

அஜீசுன்னிசா முன்னால் வந்தாள். "சரி, விஷயத்துக்கு வாங்க. கம்ப்ளைன்ட் வேணாம்னு கேட்கத்தானே இவ்வளவும்?"

"இன்னா சிஸ்டர் நீங்க! காலைல மாத்திரை குடுக்கசொல்லவே பாத்தேன், அந்தக் கை அப்டி ஆடுச்சு. ஆடுற கை எப்டி கையெயுத்துப் போடும்?" ஜானட்டின் பக்கம் திரும்பினாள். "போ கண்ணு, போட்டுக் குடு. எம்புள்ள எங்கியும் ஓட மாட்டான். வாசல்லயே குந்த வெச்சிக்கீறேன்."