பெயரின் பின்பாதி

கிண்ணத்தைத் தூக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம்தான். அதன் அடியில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான காகிதம். காகிதத்தின் மேல் காம்பை நறுக்கிவிட்டுக் குடையை மட்டும் கவிழ்த்த ஒரு காளான். காலை எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு வந்ததும் நானே வைத்தேன்.

இப்போது மணி இரண்டே முக்கால். இந்நேரம் குடையின் மடிப்புகளிலிருந்து வித்துத்தூள் கொட்டியிருக்கும். அதன் நிறத்தைப் பார்த்தால் இது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

இளஞ்சிவப்பு என்றால் வைக்கோல் காளானுக்குச் சொந்தக்காரன். கடையில் கிலோ கணக்கில் விற்பார்களே, அந்த வகையறா. வெள்ளை என்றால் அமானிட்டா. அதில் பரமசாதுக்களும் உண்டு, கல்லீரலைக் கரைத்து ஆளை அனுப்பிவைப்பவையும் உண்டு.

இதன் உடன்பிறப்புகள் ஆறேழை என் வீட்டுக்காரர் மதியம் வெண்ணெயில் வதக்கி, மிளகு தூவி, எங்கள் வாண்டுக்குக் கொடுத்துத் தானும் சாப்பிட்டிருக்கிறார். வாண்டுக்கு ஏழு வயது. கீரையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள், இதை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். அதைப் பெருமையாகச் சொல்லத்தான் மனுஷன் ஒன்றரை மணிக்கு ஃபோன் செய்தார்.

நான் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையில் இருந்தார்.

என் மேசையில் ஃபோன் ஸ்பீக்கரில் கிடக்கிறது. மறுமுனையில் டாக்டர். சின்ன வயதுக் குரல், ஆனால் பதற்றம் இல்லாத குரல்.

"ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்காங்க மேடம். பாப்பா கார்ட்டூன் பாத்துட்டு இருக்கா."

அதில் எனக்கு ஆறுதல் இல்லை. சில்லறை விஷம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். கொல்கிற ரகம் அரை நாள் வரைக்கும் வாயைத் திறக்காது.

அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பதினோரு வருடமாக எங்கள் ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் என் டப்பாக்கள் இருக்கின்றன. ஒருநாளும் தொட்டதில்லை. முட்டை வேகவைக்கக்கூட என்னைக் கேட்டுச் செய்கிறவருக்கு இன்றைக்கு என்ன வந்தது?

வீட்டில் வைத்தது என் புத்திகெட்டதனம். நேற்று சாயங்காலம் ஒரு மரத்தடியில் இவற்றைப் பார்த்துப் பறித்துவந்தேன். என்னிடம் இருக்கும் எந்தப் பட்டியலிலும் இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்தால் எங்கள் துறைத்தலைவர் மோப்பம் பிடித்துவிடுவார். முறைப்படி எழுதி முதலில் அச்சேற்றுகிறவர் வைக்கும் பெயர்தான் நிற்கும், அதுதான் எங்கள் தொழிலின் சட்டம். அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டு எடுத்துவந்தேன்.

யார் கண்ணிலும் படாத காளானாக இருக்கவேண்டும் என்று காலையில்கூட வேண்டிக்கொண்டேன். இப்போது வேறு வேண்டுதல். உலகமே தின்று சலித்த காளானாக இரு. உன் பெயரும் புகழும் எனக்கு வேண்டாம்.

"மேடம், பாத்துட்டீங்களா?"

தூக்குகிறேன். இடுக்கியால் குடையை நகர்த்துகிறேன்.

வெள்ளைப் பாதியில் ஒன்றுமே தெரியவில்லை. கறுப்புப் பாதியில், மாவு சலித்தது போல, வெள்ளைத் தூள்.

"அமானிட்டா," என்கிறேன்.

"அது பேரோட முன்பாதிதானே. பின்பாதி சொல்லுங்க மேடம், அதை வெச்சுத்தான் எந்த விஷம்னு தேட முடியும்."

"பின்பாதி இல்ல டாக்டர். இன்னும் யாரும் வைக்கல."

பின்பாதிக்கு வாண்டின் பெயரை யோசித்துவைத்திருந்ததை என்னால் சொல்ல முடியவில்லை. இது சாதுவா, கொலைகாரனா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சோதித்துச் சொல்ல எங்களுக்கு மாதக்கணக்காகும். என் மகள் மதியச் சாப்பாட்டிலேயே சோதனையை ஆரம்பித்துவிட்டாள்.

மோசமானது என்றே வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்குவதாக டாக்டர் சொல்கிறார். யாரையோ கூப்பிடுகிறார். கட்டில் சக்கரம் உருளும் சத்தம். ஊசி வேண்டாம் என்று வாண்டு கெஞ்சுவது கேட்கிறது. ஃபோன் கைமாறுகிறது.

"ஏங்க அந்த டப்பாவைத் தொட்டீங்க?" என்கிறேன். "இத்தனை வருஷத்துல ஒரு தடவை தொட்டிருப்பீங்களா?"

"மத்த டப்பால எல்லாம் வாயில நுழையாத பேரா எழுதியிருப்ப, நான் பயந்து கிட்டவே போகமாட்டேன்," என்கிறார். "இதுல பேரே இல்ல. பெரிய எழுத்துல, அடியில ரெண்டு கோடு போட்டு, 'புதுசு'ன்னுதானே எழுதியிருந்த. எங்களுக்குத்தான் வாங்கி வெச்சிருக்கன்னு நெனச்சேன்."