மூணு வருஷத்துக்கு அதே டீச்சர்

"இந்த ஸ்கூல்தான்!" என்றாள் லோர்னா.

அவளுக்கு மாற்றலாகி, அவளும் டெஸ்மண்டும் மில்வாக்கி நகரத்துக்கு வந்து பத்து நாள்தான். அதற்குள் பார்த்த நான்காவது அரசு மாண்டிசோரிப் பள்ளி இது.

"நேத்துப் பார்த்ததுல மைதானம் பெருசு. இங்க பெல்கூட அடிக்க மாட்டேங்கிறாங்க," என்றான் டெஸ்மண்ட்.

"நீ மட்டும் பெல் அடிச்சா எழுந்திரிக்கிற ஆளாக்கும்!"

டெஸ்மண்ட் சிரித்துவிட்டான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கும் அதே கிண்டல்.

வகுப்பில் அவர்களுடைய ஐந்து வயது மகள் நெல், ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். சிந்தியபோது யாரும் பதறவில்லை. அவளே துணி எடுத்துத் துடைத்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு இங்க?" என்றான் டெஸ்மண்ட்.

"மூணு வருஷத்துக்கு அதே கிளாஸ், அதே டீச்சர். நடுவுல மாத்தவே மாட்டாங்களாம்."

டெஸ்மண்ட் லோர்னாவோடு அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தை வாங்கினான். விலாசம் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"மேடம், ரெண்டு விலாசம் எழுதலாமா?" என்று அலுவலகப் பெண்மணியிடம் கேட்டான்.

"குழந்தை எந்த வீட்டுல இருக்கும்?"

"புதன்கிழமை வரைக்கும் அவங்கம்மா வீட்டுல, மிச்ச நாள் என் வீட்டுல. கோர்ட்டுல அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

"அவளுக்கு ஸ்கூலாவது ஒண்ணா இருக்கட்டும், மேடம்."