ஒரிஜினல் கதவு

ஞாயிறு காலை, பழைய கார்களை ஆசைக்கு ஓட்டுகிறவர்களின் பந்தயம். மூன்றாவது வளைவில் பெலிக்ஸ் பின்னாலிருந்து இடித்ததில் வரதராஜுலுவின் கார் சுவரில் மோதி முன்பாதி நசுங்கியது. ஸ்டியரிங் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. கட்டரோடு ஓடிவந்தவர்களிடம், வாயில் ரத்தம் நுரைக்க, "கதவ வெட்டிறாதீங்க, ஒரிஜினலுங்க" என்றார். அந்த மாடலில் மிஞ்சியவை இரண்டே கார்கள். மற்றொன்று பெலிக்ஸுடையது, அதன் கதவு பட்டறையில் தகரத்தை அடித்துச் செய்தது. பெலிக்ஸ் கட்டரைத் தள்ளிவிட்டு, ஸ்பேனரால் கீல் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். யாரும் தடுக்கவில்லை, எல்லோரும் பழைய கார் வைத்திருப்பவர்கள். "மெதுவாங்க, மரை போயிரும்" என்றார் வரதராஜுலு. கடைசி போல்ட்டின்போது அவரிடமிருந்து சத்தமே இல்லை. கீறல் விழாத அந்தக் கதவை மார்போடு அணைத்துக்கொண்டு பெலிக்ஸ் தன் காரை நோக்கி நடந்தார்.