பங்குச் சந்தைக்கு வந்த கடிதம்

"கம்பெனிக்காரவுக ஏதாச்சும் சொன்னாகளா தம்பி?"

இம்மானுவேல் ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து படியில் உட்கார்ந்திருந்தார் பொன்னுச்சாமி. தொடர்ந்து மூன்றாவது நாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இம்மானுவேல் நடத்துவது சின்ன ஷேர் புரோக்கர் ஆபீஸ். பருத்தி விற்ற காசை ஷேரில் போட்டுவிட்டு, விலை இறங்கியதும் முகம் வெளுத்து ஓடி வருகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். அவர்கள் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். இவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"உள்ள வாங்க அண்ணாச்சி. இன்னும் மார்க்கெட்டே தெறக்கல."

பொன்னுச்சாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாங்கிக் கொடுத்த டீயில் ஆடை படிந்தது.

குஜராத்தில் உள்ள அந்த ரசாயனக் கம்பெனியில் திங்கட்கிழமை பாய்லர் வெடித்தது. ஆலையை ஆறு மாதம் மூடிவிடுவார்கள் என்று டிவியில் சொன்னதும், நானூற்றுப் பத்து ரூபாய் ஷேர் இரண்டே நாளில் முந்நூற்று இருபதுக்கு வந்தது. கம்பெனி வாயே திறக்கவில்லை. எப்படியும் ஏறும் என்று நேற்று மத்தியானம் இம்மானுவேலே தன் பேரில் நூறு ஷேர் வாங்கியிருந்தான்.

"நீங்க எவ்வளவு போட்டிருக்கீக அண்ணாச்சி?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்களுக்குன்னு இருக்கிறது பூராம் அங்கதான் இருக்கு."

பாவம், நிலத்தை விற்றுப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பதேகாலுக்கு எண்கள் ஓடத் தொடங்கின. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கம்பெனி பங்குச் சந்தைக்கு எழுதிய கடிதம் திரையில் வந்தது. இம்மானுவேல் அவசரமாகக் கண்ணை ஓட்டினான்.

"அண்ணாச்சி, கடுதாசி வந்திருச்சு! ஒரே ஒரு பாய்லருக்குத்தான் சேதாரமாம். இன்சூரன்ஸ் இருக்காம். வார திங்கக்கெழமை ஆலைய திரும்ப ஓட்டப் போறாக. இங்க பாருங்க, ஏறுது... முந்நூத்தி நாப்பது... அம்பத்தஞ்சு..."

போன் அடித்தது. பாளையம்பட்டி நாகராஜ். "ஏலே இம்மானுவேலு, நியூஸ பாத்தியா? எனக்கு ஒரு அம்பது வாங்கிப் போடுலே, சீக்கிரம்!"

வாங்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பொன்னுச்சாமி அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்புட்டுத்தானா? முழுசாப் படிங்க தம்பி."

"அதான் நல்ல சேதி வந்திருச்சே. இனிமே என்ன பயம்?"

"முழுசாப் படிங்க."

இம்மானுவேல் கடைசிப் பத்திக்குப் போனான். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னான்.

"விபத்துல ஒப்பந்தத் தொழிலாளர்கள் ரெண்டு பேரு எறந்துட்டாக. இதனால கம்பெனியோட உற்பத்திக்கோ வருமானத்துக்கோ பெரிய பாதிப்பு எதுவும் இருக்காது. அம்புட்டுத்தான் அண்ணாச்சி. நீங்க தைரியமா வீட்டுக்குப் போங்க. ஷேர மட்டும் இப்ப வித்துறாதீக."

பொன்னுச்சாமி எழுந்திருக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"எங்கிட்ட ஷேரெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நாங்க போனு போட்டா கம்பெனியில ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாக. பணம் போட்டவுகளுக்குத்தான் எழுதித் தருவாகன்னு ஊருல சொன்னாக."

இம்மானுவேலின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

"அந்த ரெண்டு பேருல, சுந்தரபாண்டின்னு எம் மகன் பேரு இருக்கா?"