வேலைக்குப் போனவள்

கூடையை மாட்டிக்கொண்டு அவள் மேடையோரம் நின்றாள்.

அடுத்த காட்சி அவளுடையது. தன் அம்மாவாக மேடையில் நடக்க வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால், கூலி உயர்வு கேட்டு, கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஒருத்தி மட்டும் தேயிலைக் காட்டுக்குப் போனாள். யாரும் ஏசவில்லை. எல்லோரும் எழுந்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

அந்த ஒருத்தி அம்மா.

போராட்டம் ஜெயித்தது. எல்லோருக்கும் கூலி உயர்ந்தது. அம்மாவுக்கும்தான்.

குழாயடியில் அம்மா இன்றும் கடைசி ஆளாகத்தான் தண்ணீர் பிடிக்கிறாள்.

வேலைக்கு வந்து பேர் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அப்போது மருந்து. அண்ணனுக்குக் காய்ச்சல். மருந்து கிடைத்தும் அண்ணன் உயிர் தங்கவில்லை.

இது நாடகத்தில் இல்லை.

"உனக்கு வசனம் வேணாம்மா. நீ பேசுனா சனம் உன் பக்கம் சாஞ்சிரும்" என்று சொல்லிவிட்டார் நாடகத்து சார்.

தலையாட்டினாள். ஆனாலும் ஒரே ஒரு வரியை யாருக்கும் தெரியாமல் பழகி வைத்திருந்தாள்.

எம் புள்ளைக்கு மருந்து வேணும்க்கா.

இன்றைக்கு ஊரே கேட்கும்படி அதைச் சொல்லிவிட வேண்டும். கீழே அம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன புள்ள, பயமா இருக்கா? கடிக்கவா போறோம்? முதுகத்தான காட்டப் போறோம்!"

கூட நடிக்கும் சவுரியம்மா சிரித்துக்கொண்டே மேடையேறினாள்.

மணி அடித்தது. அவள் நடந்தாள்.

மேடையில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். திரும்பினார்கள்.

கீழே சலசலப்பு.

பாயில் உட்கார்ந்திருந்த வயதானவள் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்தவள். நாடகம் என்பது மறந்துபோய் அவளும் திரும்பி நின்றாள். பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். பிறகு அடுத்த பாய். அதற்கடுத்த பாய்.

மைதானம் முழுக்க முதுகு.

வாயைத் திறந்தவள் அம்மாவின் முகத்தைத் தேடினாள். அந்த ஒரு முகமாவது இந்தப் பக்கம் பார்த்திருக்கும்.

இல்லை.

அம்மாவும் எழுந்திருந்தாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களோடு தோள் உரச, மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்தில் இருந்தவள் தள்ளி நிற்கவில்லை.

தொண்டை வரை வந்த வரியை அவள் விழுங்கினாள்.

யாரும் பார்க்காத மேடையில், கூடையோடு, மறுகோடி வரை பேசாமல் நடந்தாள்.