கண்ணீருக்குப் பிறகு

"பேரெல்லாம் வேண்டாம்பா. நடந்ததை மட்டும் சொல்லு" என்றார் போதகர்.

தையல்காரர் அவர் முன்னால் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு டீச்சர் பிள்ளைங்களை அடிக்கிறாங்கன்னு பொய் சொல்லிட்டேன் ஐயா. அந்த இடத்துக்கு என் பொண்ணு வரட்டும்னு ஒரு ஆசை. அவங்களை நிறுத்திட்டாங்க."

"எத்தனை பேர்கிட்ட சொன்னே?"

"ஒருத்தர்கிட்டதான்."

"எழுந்திரு. மண்டி போட்டு அழுதா ஆச்சா? மனம் திரும்பினது நடத்தையில தெரியணும். அந்தம்மாகிட்ட போய் ஒத்துக்கோ. நீ சொன்னதை நம்பினவர்கிட்டயும் போய்ச் சொல்லு."

தையல்காரர் எழுந்தார். தலை மட்டும் நிமிரவில்லை.

போதகருக்குக் கோபம் அடங்கவில்லை. "அந்த ஆளும் சரியில்லப்பா. அந்தம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? காதுல விழுந்ததும் ஆளைத் தூக்கிடறதா? யாருன்னு சொல்லு, நானே பேசறேன்."

"வேணாம் ஐயா."

"பயப்படாதே. சொல்லு."

"நீங்கதான் ஐயா. நம்ம ஞாயிறு பள்ளி டீச்சரைப் பத்தி உங்களுக்கு வந்த மொட்டைக் கடுதாசி நான் எழுதினதுதான்."

போதகரின் காது மடல்கள் சுட்டன. இனி வர வேண்டாம் என்பதைக்கூட அவர் காவலாளியிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை.

"அவங்க வீடு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஐயா. நான் மட்டும் போறேன். என்கூட நீங்களும் அங்க வந்து நின்னா நல்லாருக்காது."

"நல்லாருக்காதுதான்" என்று சொல்லிக்கொண்டே போதகர் செருப்பை மாட்டினார்.