மெயிலடிச் சண்டை

"இந்தாளு பக்கத்துல நான் உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விளம்பரப் பிரிவு மேடம் மேஜையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரல்கள் மட்டும் கீபோர்டில் படபடவென்று ஓடின. மறுகணமே மேடத்தின் லேப்டாப் 'டிங்' என்றது.

நடுவில் இருந்த கிளவுட்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபின் அவருக்குக் கிடைத்த முதல் கம்பெனி இது. வேலை என்னவோ சின்னதுதான். ஊழியர்கள் அனுப்பும் மெயிலுக்கு அடியில் பெயர், பதவி, போன் நம்பர், லோகோ என்று வருகிறதே சிக்னேச்சர், அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆக்கி, ஆபீஸ் சர்வரை விட்டு, இணையத்தில் வேறு கம்பெனி நடத்தும் கிளவுடில் ஏற்றிவிட வேண்டும்.

முதலாளி காலையிலேயே பிடித்துக்கொண்டார். "ஒரே கஸ்டமருக்கு நம்மகிட்டேர்ந்து மூணு மெயில் போயிருக்கு. மூணுலயும் மூணு தினுசா சிக்னேச்சர். இதெல்லாம் ஒரே கம்பெனிதானான்னு கேக்கறான். இவங்க ரெண்டு பேர் சண்டை இன்னைக்கோட நிக்கணும். இல்லேன்னா ஒருத்தரை வேற கிளைக்குத் தூக்கிடுவேன்."

"லோகோ பெருசா இருக்கணும்" என்றார் மேடம், கிளவுட்காரரைப் பார்த்து.

"மெயில் என்ன சுவரொட்டியான்னு கேளுங்க" என்றார் தலைவர். அவரும் கிளவுட்காரரைத்தான் பார்த்தார்.

"கிளவுடுக்கு மாறலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அந்த ஓட்டை சர்வரைக் கட்டிக்கிட்டு அழறாருன்னு சொல்லுங்க."

"நம்ம பொருளை அடுத்தவன் வீட்டுல வெச்சுட்டு, சாவிக்கு அவன் வாசல்ல போய் நிக்கணுமான்னு கேளுங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, பாவம், கிளவுட்காரருக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

அவரவர் இடத்துக்குப் போன பிறகாவது ஓய்ந்ததா என்றால் இல்லை. சண்டை மெயிலுக்குத் தாவியது. 'சிக்னேச்சரில் தங்கள் பச்சை நிறம் கண்ணைக் குத்துகிறது' என்று தலைவரிடமிருந்து ஒன்று. 'கண்ணைத் திறந்து பார்ப்பவர்களுக்குக் குத்தாது' என்று மேடத்திடமிருந்து சுடச்சுடப் பதில். எல்லாவற்றிலும் முதலாளிக்கு ஒரு நகல், கிளவுட்காரருக்கு ஒரு நகல்.

எழுத்து சின்னதாக இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று கிளவுட்காரர் தலைவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"ஐயோ, வேண்டாம். பெருசாவே போடுங்க. அந்தம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது. அப்புறம் அதுக்கும் ஒரு மெயில் வரும்" என்று எரிந்து விழுந்தார் தலைவர்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கிளவுட்காரர் புலம்பினார். "எப்பவுமே இப்படித்தானாம்மா? கீரியும் பாம்பும் மாதிரி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க விஷயத்துல நாங்க யாரும் தலையிடறதில்ல சார்."

இதற்குள் முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். 'என்ன ஆச்சு?' என்ற கேள்வியின் சூடு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. இனிமேல் யாரிடமும் கேட்டுப் பயனில்லை என்று கிளவுட்காரருக்குத் தோன்றியது. நேரே முதலாளி அறைக்குப் போய்ச் சம்மதம் வாங்கினார். லோகோ நடுத்தரம். நிறம் நீலம். எழுத்து பெரியது. எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றி, முதலாளியைத் தவிர யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டினார். பழைய சர்வரின் மூச்சையும் நிறுத்தினார்.

"எல்லாம் முடிஞ்சுது. இனிமே சிக்னேச்சர் பத்தி யாரும் யாருக்கும் மெயில் அனுப்பவே வேண்டாம்" என்று ஆபீஸ் நடுவில் நின்று அறிவித்தார்.

முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அதன்பிறகு ஆபீஸில் 'டிங்' சத்தமே இல்லை. மேடம் மெயிலைத் திறப்பதும் மூடுவதும் மறுபடி திறப்பதுமாக இருந்தார். தலைவர் நாலு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

முதலில் வந்தது மேடம்தான். "முழுசாப் பூட்டிட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"லோகோவை மட்டுமாவது என் கையில விட்டு வைங்களேன். பெருசு பண்ணிட்டு, அந்தாளு என்ன சொல்றாருன்னு பாக்கறேன்."

வம்புக்கு இழுக்காமல் இவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கிளவுட்காரர். "முடியாது மேடம், முதலாளி உத்தரவு" என்று கையைக் கூப்பினார். மேடம் தன் இடத்துக்குத் திரும்பினார்.

கிளவுட்காரர் மீட்டிங் அறையில் பையை மூடிக் கிளம்பும்போது தலைவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒரு உதவி. எங்கேயாவது ஒரு சின்னத் தப்பு விட்டுட்டுப் போங்க. ஒரு எழுத்து கோணலா இருந்தாலும் போதும்."

"தப்பா? எதுக்கு சார்?"

"நான் அதைக் குத்திக்காட்டி மெயில் போடுவேன். அந்தம்மா திட்டிப் பதில் போடும்."

கிளவுட்காரரின் பொறுமை எல்லை கடந்தது. "உங்க சண்டையை நிறுத்தத்தான் சார் என்னைக் கூப்பிட்டாங்க! காலையிலேர்ந்து ரெண்டு பேரும் என் உயிரை வாங்கினீங்க. ஒருவழியா நின்னுது, சந்தோஷப்படுங்க சார்!"

தலைவர் கண்ணாடிக் கதவு வழியாக அந்தக் கோடியில் இருந்த மேஜையைப் பார்த்தார். மேடம் காலியான திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். தலைவரின் குரல் தழைந்தது.

"வீட்டுல அவ என்கூடப் பேசறதில்ல தம்பி."